சிரிக்காதவரும் உயிருள்ளவரே

காவலாளி குவாங்குக்கு ஒன்பது வருஷமாக ஒரு ஆத்திரம் உண்டு. மியான்யாங் ஊரில், ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் வாசலில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்குகிறவன் அவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அவனுக்கும் நாலாம் மாடி கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஆனால் அந்தக் கம்பெனி எழுதி அனுப்புகிற ஒவ்வொரு கட்டுக் காகிதத்திலும், முதல் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கும். 'வாசல் குவாங்குக்குப் புரிந்தது' என்று அதில் அச்சடித்திருக்கும். பக்கத்தில் அவன் கையெழுத்து.

அதாவது, இந்த ஊரில் இவனை விட மூளை குறைந்தவன் இல்லை, இவனுக்கே புரிந்துவிட்டது, இனி யாருக்கும் புரியும் என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லாம் முதல் நாளே அவனைப் பார்க்க இறங்கி வருவார்கள், மிருகக்காட்சிசாலைக்குப் போகிற மாதிரி.

"நீங்கதானா அந்த குவாங்?"

"நான்தான். வண்டியை எடு, வழியை மறிக்காதே."

அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தவள் கோங் யாமெய். அவள் வேலை தேவைக் குறிப்பு எழுதுவது. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பையன்கள் புரோகிராம் எழுதுவார்கள். குறிப்பில் இருப்பது நடக்கும். இல்லாதது நடக்காது. அரைகுறையாக இருந்தால் எது வேண்டுமானாலும் நடக்கும்.

சிகோங் என்ற உப்பு ஊரில் பிறந்தவள். அப்பா உப்பு மூட்டை நிறுக்கிறவர். அந்தத் தராசு மகள் நாக்கில் ஏறிவிட்டது என்று குவாங் சொல்வான். இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் தேநீர் குடித்துவிட்டு, "சீக்கிரமே நல்ல சேதி சொல்றோம்" என்று எழுந்தார்கள். "சீக்கிரம்னா எந்தத் தேதி?" என்று இவள் கேட்டாள். போனவர்கள் போனவர்கள்தான்.

அவள் இப்படி ஆனதற்குக் கோழிகள் காரணம். முன்பு வேறு கம்பெனியில் இருந்தபோது ஒரு பண்ணைக்குக் குறிப்பு எழுதினாள். 'கோழிகள் போதுமான அளவு தூங்கிய பின் விளக்கை எரியவிட வேண்டும்' என்று ஒரு வரி. புரோகிராம் எழுதியவன் இளவட்டம், அவனுக்குப் போதுமான தூக்கம் மூன்று மணி நேரம். பதினோரு நாள், நாலாயிரம் கோழிகள் மூன்று மணி நேரம் தூங்கின. பன்னிரண்டாம் நாள் பண்ணைக்காரர் கதவைத் திறந்தபோது ஒரு முட்டை கூட இல்லை. நாலாயிரமும் அவரையே பார்த்தபடி நின்றனவாம். அன்றிலிருந்து யாமெய் தன் மேஜைக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டிவிட்டாள். 'போதுமான, உரிய, தக்க, முதலிய, இயன்றவரை, சூழ்நிலைக்கேற்ப. இந்தச் சொற்கள் இங்கே இறந்துவிட்டன.'

குவாங் இந்த வம்பில் மாட்டியது ஒரு பார்சலால். அவள் பார்சல் வாங்க இறங்கி வந்தபோது அவன் ஒரு ஆளை வாசலில் நிறுத்தி வழக்கமான மூன்று கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாரு நீ?"

"யாரைப் பார்க்கணும்?"

"அவர் இல்லைன்னா என்ன பண்ணுவே?"

மூன்றாவது கேள்விக்கு அந்த ஆள் முழித்தான். யாமெய் பார்சலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், ஏதோ பாட்டுக் கேட்கிற மாதிரி. மறுநாள் காலை ஒரு கையில் அரிசி நூடுல்ஸ் கிண்ணம், மறு கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"குவாங் அண்ணே, ஒரு வரி படிக்கிறேன். கேளுங்க. 'மூன்று முறை கடவுச்சொல் தவறானால் கணக்கு பூட்டப்படும்.'"

"யாரு பூட்டறது?"

"கம்ப்யூட்டர்."

"அப்ப அதைச் சொல்லு. பேய் வந்து பூட்டின மாதிரி எழுதியிருக்கே."

"நம்ம மொழியில ஆளைச் சொல்லாமலே வாக்கியம் முடிஞ்சிடுது அண்ணே. கவிதைக்கு நல்லாருக்கும்."

"கவிதைக்கு யாரு காசு குடுக்கறா? சரி, பூட்டினதைத் திறக்கிறது யாரு?"

அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எழுதலை."

"அப்ப உள்ள மாட்டினவன் செத்தான். போ எஞ்சினியரம்மா, நூடுல்ஸ் ஊறுது."

இப்படியே ஒன்பது வருஷம். வாசலுக்கு வருகிற ஆளை நிறுத்துவது போல அவள் கொண்டுவருகிற வரிகளை நிறுத்தி, சோதித்து, உள்ளே விட்டான். வேலை பிடித்துத்தான் இருந்தது. அந்தக் கட்டம்தான் பிடிக்கவில்லை. "அதை எடுத்துடு" என்று வருஷத்துக்கு இரண்டு முறை சொல்வான். "அது மரியாதை அண்ணே" என்பாள். "மரியாதைன்னா ஏன் சிரிக்கிறானுங்க?" என்பான். அவள் அடுத்த வரியைப் படிக்க ஆரம்பிப்பாள்.

இரண்டாம் மாடியில் வட்டார ஓய்வூதிய அலுவலகம் இருந்தது. ஓய்வூதியம் வாங்குகிற கிழவர் கிழவிகள் வருஷம் ஒரு முறை வந்து, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். சக்கர நாற்காலி, கைத்தடி, மகன் முதுகு என்று வாசலே அடைத்துப் போகும். அவர்களில் ஒருவர் ஹௌ. கொதிகலன் அறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர், எழுபத்தொன்பது வயது. ஒரு தடவை நீராவி அடித்ததில் முகம் மரத்து, வாய் ஒரு கோடாக நின்றுவிட்டது. தினமும் காலையில் வந்து குவாங்கோடு சதுரங்கம் ஆடுவார். ஜெயித்தாலும் அதே முகம். தோற்றாலும் அதே முகம்.

இந்தக் கூட்டத்தைக் குறைக்க, வீட்டிலிருந்தே போனில் முகத்தைக் காட்டி உயிரை நிரூபிக்கிற ஒரு செயலி வேண்டும் என்று அலுவலகம் நாலாம் மாடிக்கே வேலையைக் கொடுத்தது. குறிப்பு எழுத யாமெய்.

முதல் கூட்டத்தன்று வெந்நீர் ஊற்றுகிற பெண் லீவு. குவாங்தான் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். அலுவலகத் தலைவர் ஓவ்யாங் மேஜைத் தலைப்பில் உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சிமிட்ட வேண்டும், தலையை ஆட்ட வேண்டும் என்று யாமெய் விளக்கினாள். ஓவ்யாங் தேநீர்க் குவளை மூடியைத் திறந்து ஊதினார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? பொணம் சிரிக்குமா? சிரிச்சுட்டா உயிரோட இருக்கான். முடிஞ்சுது."

அவர் சிரித்தார். மேஜையைச் சுற்றியிருந்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் நிறுத்தியதும் நிறுத்தினார்கள். பிறகு பன்னிரண்டு பேரும் குனிந்து குறிப்பேட்டில் எழுதினார்கள். தலைவர் வாய் திறந்தால் எழுத வேண்டும், அது வழக்கம். இருமினால் கூட ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறவர்கள் உண்டு.

மூன்றாம் நாள் சிவப்பு முத்திரையோடு கூட்டக் குறிப்பு வந்தது. 'தலைவரின் அறிவுறுத்தல்: சிரிப்பைக் கொண்டு உயிரை உறுதி செய்தல்.'

யாமெய் தன் மேலாளர் பாங்கை வாசலிலேயே பிடித்தாள். அவர் அங்கேதான் புகை பிடிப்பார்.

"சார், அது ஜோக்கு."

"தெரியும்."

"கேட்டுடலாமே."

"கேளேன். 'ஆமா ஜோக்கு'ன்னு அவர் சொன்னா, ஜோக்குக்கு முத்திரை குத்தினவன் தலை போகும். 'ஜோக்கு இல்ல'ன்னு சொன்னா, அறிவுறுத்தலை ஜோக்குன்னு நினைச்ச உன் தலை போகும். 'சிரிப்பே வரலையா உனக்கு'ன்னு கேட்டா என் தலையும் சேர்ந்து போகும். யார் தலை வேணும் உனக்கு?"

"அப்ப என்ன எழுத?"

"'பயனாளி உரிய அளவு சிரிக்க வேண்டும்'னு எழுது."

"'உரிய' எழுத மாட்டேன் சார். கோழி..."

"ஐயோ, அந்தக் கோழியை விடும்மா!"

அவள் விடவில்லை. நான்கு நாள் கையில் அளவுகோலோடு மனிதர் வாய்களை அளந்தாள். நூடுல்ஸ் கடைக்காரி வாய், தபால்காரர் வாய், பாங் வாய். கடைசியில் வரி தயார். 'செயலியைத் திறந்தவரின் உதட்டோரங்கள் இரண்டும் நான்கு மில்லிமீட்டர் உயர்ந்து, இரண்டு விநாடி நிற்க வேண்டும்.' அலுவலகத்துக்குப் பரம சந்தோஷம். எவ்வளவு விஞ்ஞானபூர்வம் என்றார்கள்.

பையன்கள் ஒரு மாதிரியைச் செய்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். குவாங்கின் மூஞ்சிக்கு நேரே போனைப் பிடித்தார்கள்.

'உயிர் உறுதி செய்யப்படவில்லை.'

"சிரிங்க அண்ணே."

"சிரிச்சுட்டுதான் இருக்கேன்."

'உயிர் உறுதி செய்யப்படவில்லை.'

பதினோரு தடவை செத்தான். ஒருத்தன் ஜோக்குச் சொன்னான், ஒருத்தன் பன்றி மாதிரி கத்தினான், ஒருத்தன் விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டி ஓர் அறை வாங்கினான். பன்னிரண்டாம் தடவை, அறை வாங்கியவன் கன்னத்தைத் தடவுகிறதைப் பார்த்து குவாங்குக்கு உதடு லேசாக அசைந்தது. பிழைத்தான்.

பிறகு போனை ஹௌவிடம் நீட்டினார்கள். கிழவர் முயற்சி பண்ணினார். கழுத்து நரம்பு புடைத்தது, காது கூட அசைந்தது. வாய் அப்படியே கோடாக நின்றது. "நாற்பது வருஷமா அசையலை தம்பிகளா, உங்க போனுக்காகவா அசையப் போகுது?" என்று சதுரங்கப் பலகைக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் யாமெய் படித்துக் காட்டியபோது குவாங் மூன்றாவது கேள்வியைக் கேட்டான்.

"சிரிக்க முடியலைன்னா என்ன பண்ணுவான்?"

அவள் அங்கேயே, தடுப்புக் கம்பத்தின் மேல் காகிதத்தை வைத்து எழுதினாள். 'விதி 48. சிரிக்காதவரும் உயிருள்ளவரே. அவர் தம் பெயரையும் பிறந்த ஊரையும் சொன்னால் செயலி ஏற்க வேண்டும்.' அவள் இரண்டு முறை படித்தாள். அவன் கையெழுத்துப் போட்டான். முதல் முறையாக அந்தக் கட்டத்தைத் திட்டாமல் போட்டான்.

பாங் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பே உயிர் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். சிரிக்காதவனும் உயிரோடு இருக்கிறான் என்று இவள் எழுதியிருக்கிறாள். இது தலைவர் சொன்னது தப்பு என்று முத்திரைத்தாளில் எழுதுவது போல. அவர் யாமெயிடம் ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் பக்கத்தை மட்டும் உருவி, வேறு பக்கம் செருகினார். 'விதி 48. சிரிக்காதவர்கள் உரிய முறையில் கையாளப்படுவர்.' முதல் பக்கத்தைத் தொடவில்லை. குவாங்கின் கையெழுத்து அதில் அப்படியே இருந்தது.

காகிதக் கட்டு அலுவலக மேஜைகளுக்குச் சுற்றுக்குப் போனது. அங்கே பெரியவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. தம் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். வட்டம் என்றால் பார்த்தேன் என்று அர்த்தம். படித்தேன் என்றும் இல்லை, சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. பதினான்கு வட்டத்தோடு திரும்பி வந்தது.

புரோகிராம் எழுதிய பையன் 'உரிய முறை' என்றால் என்ன என்று பாங்கிடம் கேட்டான். "முறைப்படி செய்" என்றார் பாங். பையன் இரண்டாம் மாடிக்குப் போய், உயிரை நிரூபிக்காதவர்களை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தான். இறந்தவர் பட்டியலில் சேர்ப்போம், பணத்தை நிறுத்துவோம், குடும்பத்துக்கு இரங்கல் அனுப்புவோம் என்றார்கள். பையன் கெட்டிக்காரன். எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் வைத்தான்.

கிழக்குத் தெருக்களில் மட்டும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். யாரும் புகார் சொல்லவில்லை. இறந்தவர் புகாரை வாங்க ஜன்னல் இல்லை. பிறகு பெரிய கூடத்தில் தொடக்க விழா. முன்வரிசையில் அதிகாரிகள், மேடையில் பெரிய திரை. குவாங் கதவருகே நின்றான். முதல் ஆளாக ஓவ்யாங் தாமே காட்டுவது என்று ஏற்பாடு.

அவர் போனைப் பிடித்துச் சிரித்தார். முப்பது வருஷம் புகைப்படங்களுக்குச் சிரித்த சிரிப்பு, கீழுதடு மட்டும் அரை அங்குலம் அகலும். ஓரம் ஏறவே இல்லை. திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு கறுப்பாகி, நடுவில் அவர் படம், சுற்றி வெள்ளைச் சாமந்தி. 'தோழர் ஓவ்யாங் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்.'

கூடத்தில் ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். இது தவறு என்று சொன்னால் தலைவரின் அறிவுறுத்தல் தவறு. சரி என்று சொன்னால் தலைவர் இல்லை. முன்வரிசையில் ஒரு துணைத்தலைவர் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து நின்றார். அவர் எழுந்ததால் அந்த வரிசை எழுந்தது. வரிசை எழுந்ததால் கூடம் எழுந்தது. படத்தைப் பார்த்து மூன்று முறை குனிந்து வணங்கினார்கள். எல்லோரும் குனிந்ததால் ஓவ்யாங்கும் குனிந்தார்.

அவர் மனைவி அப்போது மாஜோங் என்ற, ஓடுகளை வைத்து ஆடும் ஆட்டத்தில் இருந்தாள். போனில் இரங்கல் செய்தி வந்தது. கையில் ஜெயிக்கிற ஓடுகள். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் அழுதாளாம்.

ஓவ்யாங்கை ஒரு போன் போட்டு இருபது நிமிஷத்தில் உயிர்ப்பித்துவிட்டார்கள். காகிதமே இல்லாமல். ஆனால் கிழக்குத் தெருக்களில் அந்த ஒரு வாரத்தில் இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களை உயிர்ப்பிக்கக் காகிதம் வேண்டும். அப்படி ஒரு காகிதத்துக்கு விதி இல்லை. இரண்டாம் மாடி ஜன்னலில் சொன்னார்கள்: "சாகடிக்க விதி இருக்கு ஐயா. திருப்பி எடுக்க இல்ல. நாங்க என்ன பண்ண?"

நாற்பத்தொன்றில் ஹௌவும் ஒருவர். காலையில் வந்து பலகையை விரித்தார்.

"நான் போன வாரமே செத்துட்டேனாம் குவாங்."

"கேள்விப்பட்டேன்."

"வீட்டுக்கு இரங்கல் கடிதாசு வந்துது. நல்லாத்தான் எழுதியிருக்கானுங்க. இந்த மாசப் பணம்தான் வரலை. உன் குதிரையை எடுத்துக்கிறேன்."

"அரிசி இருக்கா வீட்டுல?"

"செத்தவனுக்கு எதுக்குடா அரிசி? ஆடு."

மத்தியானம் குவாங் ஒரு மூட்டை அரிசியை அவர் வீட்டில் போட்டுவிட்டு வந்தான். திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். கட்டைப் புரட்டினார்கள். பதினான்கு வட்டம். ஒருவரும் படித்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. புரிந்தது என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் வாசலில் இருந்தான். கூப்பிட்டார்கள்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா."

"முழுசும் புரிஞ்சுதா?"

"எனக்குப் படிச்சுக் காட்டினது புரிஞ்சுது."

"அப்ப விதி 48ஐப் புரிஞ்சுக்கிட்டே அனுமதிச்சிருக்கே. உரிய முறைன்னா என்னன்னு சொல்லு."

"அந்தச் சொல்லை அந்தம்மா எழுதவே எழுதாது."

"பின்ன யார் எழுதினது?"

குவாங் வாயை மூடிக்கொண்டான். ஒன்பது வருஷம் எந்தக் கட்டத்தைத் திட்டினானோ அதற்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். யாமெயை இழுக்க வேண்டாம் என்று நினைத்தான். மூன்று பேரும் 'காவலாளி பொறுப்பு' என்று எழுதினார்கள்.

மறுநாள் காலை யாமெய் ஒரு பக்கம் எழுதிக்கொண்டுவந்து அவர்கள் மேஜையில் வைத்தாள். ஐந்தே வாக்கியம். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார், எந்தப் பக்கத்தை எடுத்தார், எந்தப் பக்கத்தைச் செருகினார். புதுப் பக்கத்தை அச்சடித்தவர் பேரும் நேரமும் அச்சு இயந்திரப் பதிவிலேயே இருந்தன. ஐந்தாவது வாக்கியம்: 'குவாங் கேட்டது நான் எழுதிய விதி 48, இப்போது இருப்பது அல்ல.' கீழே அவள் எடுத்துவைத்திருந்த பழைய பத்தொன்பதாம் பக்கத்தின் நகல்.

அந்தக் காகிதம் மேஜை மேஜையாகப் போனது. யாரும் வட்டம் போடவில்லை. பட்டும் படாமலும் எழுதிய காகிதத்தில் வட்டம் போட்டால் பார்த்தேன் என்று அர்த்தம். இதில் போட்டால் தெரியும் என்று அர்த்தம். ஐந்து மாடி ஏறி இறங்கி, வட்டமே இல்லாமல் அவளிடமே திரும்பி வந்தது. ஆனாலும் குவாங் பேரை விசாரணையிலிருந்து அடித்துவிட்டார்கள். பாங் பேர் எங்கேயும் வரவில்லை. செயலி நின்றது. வெள்ளிக்கிழமை யாமெயின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நாற்பத்தொரு பேரும் இறந்தபடியே இருந்தார்கள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியோடு இறங்கி வந்தாள். குவாங் தன் ஸ்டூலைத் தள்ளிப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"எங்க போறே தங்கச்சி?"

"சிகோங். ஆறு பத்து பஸ். அப்பா வீடு."

"பழி என் மேலேயே இருந்திருக்கலாம். கம்பத்தைத் தூக்கறவனுக்கு எங்கயும் ஒரு கம்பம் கிடைக்கும். உனக்கு?"

"நடந்தது அதுதானே அண்ணே. வேற மாதிரி எப்படி எழுத?"

பெட்டிக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, தானே எழுத்துக்கூட்டிப் படித்தான்.

'கீழே உள்ள நாற்பத்தொரு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். தலைவர் ஓவ்யாங் இன்றே இவர்களைக் கணக்கில் உயிருள்ளவர்களாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும், அவர் எந்தத் தேதியில் இறந்தார் என்று தம் கையால் எழுதித் தர வேண்டும்.'

பிறகு பெயர்கள். பதினேழாவது ஹௌ.

"இதை யாரும் வாங்க மாட்டானே."

"மேலே யாரும் வாங்கலை. மூணு ஜன்னல்லயும் குடுத்துப் பார்த்தேன்." அவள் சாலையைப் பார்த்தாள். "அவர் கார் எப்ப வெளிய போகும்?"

"அஞ்சரைக்கு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது. வீட்டுல காத்திருக்காங்க, செத்துப் பிழைச்ச மனுஷன்."

"வேற வழி இருக்கா இந்த வளாகத்துக்கு?"

"இல்ல. இது ஒண்ணுதான்."

"இதைச் செஞ்சா உங்க வேலை போகலாம் அண்ணே. போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலை, அதனால ரெண்டுல எதுன்னு சொல்லலை."

"இன்னும் என்ன செய்யணும்னே நீ சொல்லலையே!"

அவள் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"கார் வந்ததும் கம்பத்தைத் தூக்காதீங்க. கண்ணாடியை இறக்கச் சொல்லி இதை அவர் கையிலயே குடுங்க, டிரைவர் கையில வேண்டாம். வட்டம் போட்டா திருப்பிக் குடுங்க. வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க, முதல் வரியில ஆரம்பிச்சு நாற்பத்தொண்ணாவது பேர் வரைக்கும். நான் படிச்சுப் பார்த்தேன், மூணு நிமிஷம் பத்து விநாடி ஆகுது. பின்னால எத்தனை கார் ஹாரன் அடிச்சாலும் அடிக்கட்டும். அதுக்கப்புறம் தூக்குங்க."